ஒரு பீடம், இரு கூடங்கள்

நம் பங்குகளில் ஆலயத்தின் பொன்விழாவோ நூற்றாண்டு விழாவோ வரும்போது ஒரு மலர் வெளியிடுவது வழக்கம். கோபுரத்தின் உயரம் எவ்வளவு, மணி எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது, எந்தப் பங்குத்தந்தையின் காலத்தில் தரைக்கு ஓடு பதித்தார்கள், கொடிமரத்தை உபயமாகத் தந்தவர் யார் என்பனவெல்லாம் அதில் தவறாமல் இடம்பெறும். அந்த ஆலயத்தினுள்ளே யார் எங்கே அமர்ந்தார்கள், யார் அமரவில்லை என்பதை மட்டும் அம்மலர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதைக் கட்டடங்களும் மறைத்துக்கொள்ளும். பாய்கள் மாறும், இருக்கைகள் மாறும். ஓரிரு தலைமுறையில் நினைவும் மங்கிவிடும்.

ஆனால் மறைக்கவே இயலாத ஓர் ஆலயம் நம்மிடையே உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்தின் எல்லைக்கு அருகில் உள்ள வடக்கன்குளத்தில், 1872-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. அதன் வரலாற்றை வேறெங்கும் தேட வேண்டியதில்லை, தரைப்படமே சொல்லிவிடும். மக்கள் நின்று வழிபடும் கூடம் பொதுவாக ஓர் ஆலயத்திற்கு ஒன்றுதான் இருக்கும். இங்கே இரண்டு. இரண்டு நீண்ட கூடங்கள் கவட்டைக் கம்பின் இரு கிளைகளைப் போல விரிந்து நிற்கின்றன. அவை ஒன்று சேரும் இடத்தில் பலிபீடம். மேலிருந்து பார்த்தால் கால்சட்டையை விரித்துப் போட்டது போலத் தெரியும் என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கட்டியவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு கூடத்திலும் நாடார் கிறிஸ்தவர்கள் மறு கூடத்திலும் நின்று, ஒருவர்மேல் ஒருவர் படாமல், ஒரே திருப்பலியில் பங்குகொள்வதற்காக வகுக்கப்பட்ட அமைப்பு அது.

இவ்வடிவத்தைக் கண்டதும் கோபம் கொள்வது எளிது. அந்தக் கோபம் நியாயமானதுதான். எனினும், அதை இப்படிக் கட்டிய மறைப்பணியாளர்களின் மனத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் மதுரை மறைப்பணித்தளத்தின் இயேசு சபையினர். சபை 1773-இல் கலைக்கப்பட்டு, பின்னர் உயிர்பெற்று, 1830-களின் இறுதியில் மீண்டும் இம்மண்ணில் கால் பதித்தபோது, அவர்கள் பெற்றுக்கொண்டது வெறும் நிலமன்று. பழகிப்போன ஒரு சமூக ஏற்பாட்டையும் சேர்த்தே பெற்றுக்கொண்டனர். ஊரில் பூசல் ஓயவில்லை. ஒரு தரப்பாரை அணைத்தால் மறு தரப்பார் விலகுவர் என்ற அச்சம் இருந்தது. இரண்டு ஆலயங்கள் எழுந்தால் பங்கு இரண்டாகும். பின்னர் அவை இணைவதற்கு வழியே இராது. ஒரு கூரை, ஒரு பீடம், ஒரு குரு, ஒரு பலி என்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணியிருக்கலாம். பங்குப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இந்த எண்ணம் அந்நியமானதன்று. திருவிழாத் தேர் எந்தத் தெரு வழியே போவது என்ற வழக்கைத் தீர்த்து வைக்க முயன்ற எவரும் இதை உணர்வர்.

இதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், உயர்சாதியாரை அணுகுவதற்காகத் துறவியின் காவியும் சைவ உணவும் மேற்கொண்டு தனித்து வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைச் சமூக அடையாளங்களாகக் கருதி அனுமதிக்கலாம் என்று 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். நொபிலி அடிகளாரின் தமிழ்த்தொண்டையும் தவத்தையும் நாம் போற்றுகிறோம். ஆயினும், சாதி வெறும் சமூக வழக்கமே, சமயத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்ற அந்த வகைப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக எங்கே போய் முடிந்தது என்பதை வடக்கன்குளத்தின் தரைப்படம் காட்டுகிறது. உடையில் தொடங்கிய சலுகை, கல்லும் சுண்ணாம்புமாகிப் பீடத்தின் படிவரை வந்து நின்றது.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. அமைதிக்காக அநீதியைப் பொறுத்துக்கொள்ளலாமா? பொறுத்துக்கொள்ளலாம் என்றால் எதுவரை?

பெரிய நன்மைகள் அழியாமலும் இன்னும் பெரிய தீமைகள் விளையாமலும் இருக்கும்பொருட்டு, ஆட்சி செய்வோர் சில தீமைகளைப் பொறுத்துக்கொள்வது முறையே என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். அறநெறியில் இது தள்ளத்தக்க கருத்தன்று. குடும்பத் தலைவர்களும் ஆசிரியர்களும் நாள்தோறும் இதன்படியே நடக்கிறார்கள். ஆனால் தீமையைப் பொறுத்துக்கொள்வது வேறு. அதற்கு அடித்தளம் தோண்டிச் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்து கொடுப்பது வேறு. பொறுமை என்பது மாற்றத்திற்காகக் காத்திருப்பது. இன்று ஒரு தடுப்புக் கயிற்றைக் கட்டினால் நாளை அவிழ்க்கலாம். கட்டடம் காத்திருப்பதில்லை. அன்றைய சிக்கலுக்கு அன்று கண்ட தீர்வை, இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் சட்டமாக்கிவிடுகிறது.

அந்தக் கூடத்தில் வளரும் ஒரு குழந்தையை எண்ணிப் பார்ப்போம். ஞானோபதேசத்தில், கடவுள் நம் அனைவருக்கும் தந்தை என்று அது மனப்பாடம் செய்கிறது. ஞாயிறுதோறும் தாயின் கையைப் பற்றிக்கொண்டு, எந்த வாயில் தன் வாயில் என்பதையும் கற்றுக்கொள்கிறது. முதற்பாடத்தைச் சொல்லால் கற்கிறது. இரண்டாவதைக் காலால் கற்கிறது. வளர்ந்த பிறகு எது நிலைத்திருக்கும் என்பதை நாம் அறிவோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அக்காலத்தில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. குரு பீடத்தை நோக்கி நிற்பார். இடையிடையே மக்கள் பக்கம் திரும்பிக் கைகளை விரித்து, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என வாழ்த்துவார். இரு கூடங்களும் பிரியும் முனைக்கு எதிரே நிற்கும் குரு அவ்வாறு திரும்பும்போது, யாரை நோக்கித் திரும்புவார்? அவருடைய இரு கைகளும் இரு கூடங்களை நோக்கி விரிந்திருக்கலாம். அவர் முகத்துக்கு நேரே இருப்பது, இரண்டையும் பிரிக்கும் இடமன்றோ? ‘உங்களோடு’ என்ற பன்மை அங்கே எத்தனை துண்டாக ஒலித்ததோ!

மக்களைப் பிரித்து நிறுத்தக் கட்டடக் கலையைப் பயன்படுத்துவது நம் நாட்டுக்கே உரிய புதுமையன்று. ஜெர்மனியில் பிராய்டன்ஸ்டாட் என்ற ஊரில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீர்திருத்த சபைக் கோவில், செங்கோணமாக மடங்கிய இரு சிறகுகளைக் கொண்டது. ஆண்கள் ஒரு சிறகிலும் பெண்கள் மறு சிறகிலும் அமர்ந்தனர். இரு தரப்பாரும் போதகரைக் காணலாம், ஒருவரையொருவர் காண இயலாது. உத்தி ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு வந்து, வழிபாடு முடிந்ததும் ஒரே வீட்டுக்குத் திரும்பி ஒரே அடுப்பில் உண்ணும் ஆணும் பெண்ணும் ஒரு மணி நேரம் பிரிந்திருப்பதும், ஒருவர் தொட்ட நீரை மற்றவர் அருந்தாத இரு கூட்டத்தார் கோவிலிலும் பிரிந்திருப்பதும் ஒன்றாகிவிடா. கூடங்களின் கோணம் ஒன்றுபோல் இருக்கலாம், பொருள் வேறு.

பழைய எருசலேம் ஆலயத்திலும் ஒரு தடுப்பு இருந்தது. பிற இனத்தார் அதைத் தாண்டினால் மரணமே தண்டனை என்று கிரேக்க மொழியில் கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டை 1871-இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன் கன்னோ எருசலேமில் கண்டெடுத்தார். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில், இரு இனத்தாரையும் பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்று சொல்லப்படும்போது, இத்தடுப்பே கருத்தில் இருந்திருக்கும் என விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். தகர்க்கப்பட்ட சுவரின் கல் மண்ணிலிருந்து வெளிப்பட்டதற்கு மறு ஆண்டில், அதே கிறிஸ்துவின் பெயரால் வடக்கன்குளத்தில் பிரிவினைச் சுவர் கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டுகளின் இந்தப் பொருத்தம் தற்செயலானதுதான். அதற்கு மறைபொருள் தேட நாம் முனையவில்லை. ஆனால் நம்மால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியவில்லை.

அந்தியோக்கியாவில் புனித பேதுரு செய்ததையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பிற இனத்தாரோடு உண்டு வந்தார். யாக்கோபின் ஆட்கள் வந்ததும் அஞ்சி, பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவர் எந்தத் தப்பறையையும் போதிக்கவில்லை. வாயால் ஒன்றும் சொல்லாமல் இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவே. ஆயினும் பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். நற்செய்தியின் உண்மைக்கு ஏற்ப அவர்கள் நடக்கவில்லை என்றார். இருக்கை மாற்றத்தில் நற்செய்தியே அடங்கியிருப்பதாகப் பவுல் கண்டார். கொரிந்து நகரில் வசதி படைத்தோர் முந்தி உண்ண, ஏழைகள் பசித்திருந்தபோது, நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று கடிந்ததும் அவரே. ஒரே பீடம் இருந்தால் போதும், மற்றவை வெளி ஏற்பாடுகளே என்ற வாதம் பவுலின் முன் நின்றிருக்குமா என்பது ஐயமே.

வடக்கன்குளத்து மண்ணிலேயே இன்னொரு சாட்சியும் உண்டு. திருவிதாங்கூர் அரசின் அலுவலராயிருந்த நீலகண்டன், டச்சுத் தளபதி டி லனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்து, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றது இவ்வூரிலேதான். இன்றைய கட்டடம் எழுவதற்கு நூற்றாண்டுக்கும் முன்பு அது. இலாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர், சாதி வேற்றுமை பாராது மாந்தர் அனைவரும் சமம் என்று வலியுறுத்தி வந்தார். உயர்குடியில் பிறந்த ஒருவர் அவ்வாறு பேசியும் பழகியும் வந்தது பெருங்குற்றமாயிற்று. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மறுபிறப்படைந்த ஊரில், அவர் எதை எதிர்த்து உயிர் கொடுத்தாரோ அதற்கே நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் கல்லால் வடிவம் தரப்பட்டது.

அதே 1745-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. சம்பாக் கோவிலில் தலித் கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் திரண்டு சென்று குருவிடம் முறையிட்டனர். நாங்களும் உங்கள் சீடர்களல்லமா என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். சுவர் இடிக்கப்பட்டது, பிற சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். கிறிஸ்தவரல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை, அவ்வாண்டு அக்டோபரில் தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. நம் குற்றத்தையும் நம்மில் எளியோர் காட்டிய துணிவையும் வேற்றுச் சமயத்தார் ஒருவரின் நாட்குறிப்பில் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது! இந்நிகழ்ச்சி வேறொரு செய்தியையும் சொல்கிறது. அன்றைய மக்களுக்கு இதெல்லாம் தவறாகத் தெரிந்திராது, காலம் அப்படி, என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. 1872-க்கு நூற்றிருபத்தேழு ஆண்டுகள் முன்பே, சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களுக்கு அது தவறென்று நன்றாகவே தெரிந்திருந்தது. காலத்தின் அறியாமை என்பது பெரும்பாலும் வசதியான பக்கத்தில் நின்றவர்களின் அறியாமையே.

வடக்கன்குளத்தின் சுவர் 1910-இல் அகற்றப்பட்டது. அதற்குக் காரணமானவர் அட்ரியன் கௌசானல் அடிகளார். பாளையங்கோட்டையில் 1903-இல் இயேசுவின் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவர் அவர். முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற ஏற்பாடு குலைந்ததும், வேளாளத் தரப்பினர் திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் ஆண்டகை மீது வழக்குத் தொடுத்தனர். சுவரை மீண்டும் எழுப்பித் தர வேண்டும் என்பதே அவர்கள் கோரியது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, 1917-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றது. நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. பிறர் தம்மைத் தீண்டாதிருக்க வேண்டும் என்று கேட்கும் இத்தகைய உரிமைக்குத் தீட்டு என்ற ஒரே மூலந்தான் இருக்க முடியும் என்று நீதிபதிகள் கண்டனர்; கிறிஸ்தவர்களாகிவிட்டவர்கள் அதைக் கோர முடியாது என்று தள்ளினர்.

இத்தீர்ப்பைப் படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே எழுகின்றன. கிறிஸ்தவன் என்றால் யார் என்பதை ஆங்கிலேயர் ஆட்சியின் நீதிமன்றம் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மறைப்பணியாளர்கள் ‘சமூக வழக்கம்’ என்று பெயரிட்டு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பொதிந்து வைத்திருந்ததை, நீதிபதிகள் ஒரே சொல்லில் அவிழ்த்துவிட்டனர். தீட்டு என்பது அச்சொல். கிறிஸ்துவின் திருவுடலைத் தாங்கிய நாவும், அதே திருவுடலைத் தாங்கிய மற்றொரு நாவும் அருகருகே நின்றால் தீட்டு உண்டாகும் என்றால், நற்கருணையைப் பற்றி அவர்கள் நம்பியது என்ன? இதைக் கேட்பது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் வழக்காடியவர்கள் இறைநம்பிக்கை அற்றவர்கள் அல்லர். தங்கள் கோவிலின்மேல் பற்றில்லாதவர்கள் நீதிமன்றம் ஏறிச் செலவு செய்யமாட்டார்கள். பற்றும் பக்தியும் உள்ளவர்களே இதைக் கேட்டார்கள் என்பதுதான் நம்மை அச்சுறுத்த வேண்டும். பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் இவ்வூரின் பூசலை ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பங்குப் பேரவைகளில் இருப்போர் அதைப் படிப்பது நல்லது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு சாதியாரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்பலாகாது. எந்தச் சுவருக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒரு சுவரால் இழிவுபடுத்தப்பட்டவர்கள், தமக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு எதிராக வேறொரு சுவரை எழுப்பியதும் நம் திருச்சபையின் வரலாற்றில் உண்டு. இரண்டு கூடங்கள் இருந்ததால் ஊரில் இரண்டே சாதிகள் இருந்தன என்று பொருளாகாது. ஒவ்வொரு கூடத்திலும் ஒரு கடைசி வரிசை இருந்திருக்கும். அதில் நின்றவர்கள் எந்த நீதிமன்றத்திற்கும் போகவில்லை.

இந்திய ஆயர் பேரவை 1982-இல் திருச்சிராப்பள்ளியில் கூடியபோது, சாதிக்கும் சாதி மனப்பான்மைக்கும் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை என அறிவித்தது. 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நம் தமிழக ஆயர்களிடமே, தலித் மக்கள் எவ்வகையிலும் பிரித்து வைக்கப்படலாகாது என வலியுறுத்தினார். ஒரு செய்தியை நூறாண்டுகளாக மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அது இன்னும் கேட்கப்படவில்லை என்பதே பொருள். கூடத்தில் இடிந்த சுவர் கல்லறைத் தோட்டத்தில் எழுந்து நின்ற ஊர்களை நாம் அறிவோம். திருவிழாவின் மண்டகப்படிப் பட்டியலிலும் பாடகர் குழுவிலும் பீடப்பணிச் சிறுவர் தேர்விலும் செங்கல் இல்லாமலே சுவர் எழுப்பும் கலை நமக்குக் கைவந்தது. மறைசாட்சி தேவசகாயம் 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயரை நீக்கும்படி விண்ணப்பித்து, உரோமையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர் நீங்கியது, நம் நாவிலிருந்து நீங்கியதா என்பது வேறு விஷயம்.

இறுதியாக, அந்தக் கட்டடத்தை என்ன செய்வது? பழைய ஆலயங்களை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் அகலமான மண்டபங்களை எழுப்பும் ஆர்வம் இன்று நம் பங்குகளில் மிகுந்திருக்கிறது. இடநெருக்கடி உண்மையே, ஆனால் எல்லா இடிப்புக்கும் இடநெருக்கடி மட்டுமே காரணமன்று. இப்படிப்பட்ட வடிவம் நமக்கு அவமானம், நேரான ஒரே கூடமாகக் கட்டிவிட்டால் கதை முடிந்துவிடும் என்று எவரேனும் சொல்வாராயின், அதை நாம் ஏற்க மாட்டோம். சுவர் அகற்றப்பட வேண்டியது, அகற்றப்பட்டது. வடிவம் நிற்க வேண்டியது. சுவர் பிறருக்கு இழைக்கும் தீங்கு. சுவரற்ற அந்தக் கவட்டை வடிவமோ, நம்மைப் பற்றி நாமே தரும் வாக்குமூலம். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்று நம்புகிற நமக்கு, மன்னிக்கப்பட்டது வேறு, நடக்கவே இல்லை என்று சொல்வது வேறு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் வடிவம் நின்றால் மட்டும் போதாது; அதன் காரணமும் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊரைக் காண வருகிறவர்கள் இந்த இரு கூடங்களையும் கண்டு, இது என்ன புதுமையான கலை என்று கேட்கக்கூடும். அவர்களுக்குச் சொல்லப்படும் விடையில் 1745-ஆம், 1872-ஆம், 1910-ஆம் ஆண்டுகள் மூன்றும் இடம்பெற வேண்டும். சாதிகளின் பெயரைச் சொல்லத் தயங்கி, மக்கள் தொகை மிகுந்ததால் இரண்டு கூடங்கள் கட்டினார்கள் என்று யாரேனும் சொல்லிவிட்டால், இடிக்கப்பட்ட சுவர் அந்த வாக்கியத்தில் மறுபடியும் எழுந்துவிடும்.